குதிரைக்காரனும் கரத்தை ரோட்டும்: மலையகத் தோட்டங்களில் இழுவை விலங்குகள் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகள் காணி, மூலதனம், தொழிலாளர் குடிப்பெயர்வு, கூலி ஆகியவற்றையே பெரிதும் கருத்திற் கொண்டுள்ளன. அது முறையானதே. எனினும், தோட்டம் என்பது மலைச்சரிவில் அமைந்த ஓர் உற்பத்தி நிலையம். அதன் விளைபொருள் கீழே இறங்கவேண்டும், அதன் அரிசி மேலே ஏறவேண்டும். இவ்விரண்டையும் யார் சுமந்தனர், எவை இழுத்தன என்னும் வினா வரலாற்றாசிரியரின் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. தோட்டத்துரைமார் எழுதிவைத்த நினைவுநூல்களிலோ குதிரைகளுக்கும் வேட்டைநாய்களுக்கும் பெயருண்டு. அவற்றைப் பழக்கி, தேய்த்து, தீனியிட்டு, பக்கத்தில் ஓடிவந்தவனுக்குப் பெரும்பாலும் பெயரில்லை. அவன் வெறும் ‘குதிரைக்காரன்’. மட்டக்குதிரையை மெல்லிய வண்டியில் பூட்டப் பழக்கிய அம்மனிதனையும் அவனது தொழிலையும் முன்னிறுத்தி மலையகப் போக்குவரத்தின் ஒரு பகுதியை நோக்குவதே எமது எண்ணம்.

கண்டியரசின் காலத்தில் மலைநாட்டுக்குள் சக்கரம் வரவில்லை என்றே கூறலாம். பாதைகளை அகலமாக்காமலிருப்பது அவ்வரசின் பாதுகாப்பு முறைகளுள் ஒன்று. உப்பும் கருவாடும் துணியும் பொதிமாடுகளின் முதுகிலேயே ஏறின. பாக்கும் மிளகும் அவ்வாறே இறங்கின. இப்பொதிமாட்டுக் கூட்டங்களைச் சிங்களத்தில் ‘தவலம’ என்பர். தங்குமிடத்தைக் குறிக்கும் ‘தாவளம்’ என்ற எமது சொல்லோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. முஸ்லிம் வணிகர் இத்தொழிலில் முதன்மை பெற்றிருந்தனர். மாட்டைப் பொதிக்குப் பழக்குதல், கூட்டமாக நடத்துதல், இரவில் தங்கவைத்தல் என்பன தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவாகும். மலைப்பாதைக்குப் பொருந்திய விலங்குப் போக்குவரத்து ஆங்கிலேயர் வருமுன்னரே இங்கு நிலவியது என்பதை நாம் மறத்தலாகாது.

1815இல் கண்டி வீழ்ந்தபின் நிலைமை மாறிற்று. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையில், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் 72 மைல் பாதை வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் டோசனுக்குக் கோபுரம் உண்டு. இராசகாரிய முறையின்கீழ்க் கூலியின்றி மண் வெட்டிய சிங்களக் குடியானவருக்கு அங்கு கல் ஏதும் நாட்டப்படவில்லை. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதே 1832இல் இப்பாதையில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கட்டாய உழைப்பு அத்துடன் முற்றாக நீங்கிவிடவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்கவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம்.

பாதை வந்தபின் மாட்டுவண்டி வந்தது. இலங்கைத் தமிழில் அது ‘கரத்தை’. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். புகையிரதம் வரும்வரை கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கோப்பியைக் கொண்டுசென்றது கரத்தையே. திரும்பி வரும்போது அதே கரத்தை தொழிலாளருக்கான அரிசியை ஏற்றிவந்தது. ஓட்டியவர்களிற் பெரும்பாலோர் கரையோரச் சிங்களவர். கால்நடைகளிடையே கொள்ளைநோய் பரவிய காலங்களில் வண்டிக்கூலி உயர்ந்தது. கோப்பி மூட்டைகள் களஞ்சியங்களில் தேங்கின. 1858இல் புகையிரதப் பாதைக்கு அடிகோலப்பட்டு, 1867இல் அது கண்டியை அடைந்ததற்குப் பின்னால், தோட்ட முதலாளிகள் மாட்டின் கழுத்தை நம்பியிருக்க விரும்பாமையும் ஒரு காரணியாக நின்றது.

இங்கு ஒரு விடயத்தை வற்புறுத்தவேண்டும். கரத்தை, கரத்தை ரோட்டில் மட்டுமே ஓடும். தோட்டமோ ரோட்டிலிருந்து விலகி, ஒற்றையடிப் பாதையாலும் படிகளாலும் மட்டுமே சென்றடையக்கூடிய சரிவுகளில் இருந்தது. ரோட்டோரத்தில் இறக்கிய அரிசி மூட்டையை மலைக்குக் கொண்டுசென்றது தொழிலாளியின் தலை. மலையிலிருந்து கோப்பி மூட்டையை ரோட்டுக்கு இறக்கியதும் அதே தலை. துரையின் கடிதப் பையைச் சுமந்துசென்ற தபாற்காரனும், நகரிலிருந்து துரைக்கு இறைச்சிப் பெட்டி கொண்டுவந்த ஆளும் தோட்டத் தொழிலாளரே. மாட்டை வாங்கவேண்டும், தீனி போடவேண்டும், செத்தால் நட்டம். தலைச்சுமைக்காரனுக்கோ தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவுகூட அவனது கடனாகவே பதிவாயிற்று. இழுவை விலங்கு பின்தங்கிய இடத்தில் மனிதன் முன்வந்தான் என்று பொருளியலாளர் எழுதலாம். மனிதன் விலங்கைவிட மலிவாக இருந்தான் என்று எழுதுவதே பொருத்தமாகும்.

இனி மட்டக்குதிரைக்கு வருவோம். இலங்கையில் குதிரை இயல்பாகப் பெருகும் விலங்கன்று. இதற்கு விதிவிலக்கு நெடுந்தீவு. போர்த்துக்கேயர் காலத்திற் கொண்டுவரப்பட்டு, ஒல்லாந்தராலும் பின்னர் சிலகாலம் ஆங்கிலேயராலும் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த கட்டைக் குதிரைகள் அத்தீவின் வரண்ட வெளியில் இன்றும் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்களும் அங்கே எஞ்சியுள்ளன. மலைநாட்டுத் துரைமாரோ தமது குதிரைகளுக்கு அவுஸ்திரேலியாவையும் இந்தியாவையும் பர்மாவையும் நாடினர். சவாரிக்கு உயரமான அவுஸ்திரேலியக் குதிரை. மனைவி, பிள்ளைகளுடன் கழகத்துக்கோ தேவாலயத்துக்கோ செல்லச் சிறிய மட்டக்குதிரை பூட்டிய இரண்டு சக்கர வண்டி. குதிரைப் படி என ஒரு தொகை துரையின் சம்பளத்தோடு சேர்ந்துவந்தது. கொள்ளும் வைக்கோலும் குதிரைக்காரனின் உழைப்பும் அதில் அடங்கின.

இத்தகைய வண்டியை மலைப்பாதையில் ஓட்டுவது எத்தகைய தொழில் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிச் சென்று பெயர்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றமொன்றை நிறுவ முனைந்தார். ஆட்களையும் ஆடுமாடுகளையும் வேட்டைநாய்களையும் வண்டியையும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றிவந்தார். அவரது ஆங்கிலேயக் குதிரைக்காரன் மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் வீழ்த்திவிட்டான். பின்னர் வண்டியை மீட்க அமர்த்திய யானையையும் இறம்பொடைக் கணவாயில் விரட்டியோட்டிச் சாகடித்தான். அவன் எழுத்துப் பிழைகளோடு எழுதிய கடிதத்தைப் பேக்கர் 1855இல் வெளியிட்ட தமது நூலில் நகைச்சுவையாகத் தந்துள்ளார். ஆங்கில வாசகர் பல தலைமுறைகளாக அதைப் படித்துச் சிரித்துள்ளனர். அக்கடிதத்தில் நாம் நோக்கவேண்டியது வேறு. வண்டியைத் தூக்க அயலிலிருந்த ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்களை அனுப்பிவைத்தார் என்றும், அவர்களால் ஒரு பயனும் இல்லை என்றும் இழிசொல்லோடு அவன் எழுதுகிறான். குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தவனுக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்தது. பள்ளத்தில் இறங்கித் தோள்கொடுத்த நூறு பேர் அவனது ஒரு வசவுக்குள் மறைந்தனர்.

சமவெளியிற் கற்ற குதிரையோட்டம் மலைச்சரிவில் ஏன் உதவவில்லை? மாடு திமிலின் முன்னே நுகத்தைத் தாங்கி இழுக்கிறது. குதிரையோ மார்பிற் பொருத்திய வாரால் இழுக்கிறது. ஏற்றத்தில் இது போதும். இறக்கத்தில் வண்டி குதிரையைத் தள்ளும். அப்போது குதிரையின் பின்தொடையைச் சுற்றிச் செல்லும் வாரே வண்டியைத் தாங்கவேண்டும். குதிரை பின்னே சாய்ந்து உட்காருவதுபோல நடந்து பாரத்தை ஏற்கவேண்டும். எந்தக் குதிரையும் இதை இயல்பாகச் செய்வதில்லை. பின்னால் ஏதோ தள்ளுகிறது என்றால் ஓடுவதே அதன் இயல்பு. ஆகவே பழக்குதலின் பெரும்பகுதி அச்சத்தை நீக்குதலேயாகும்.

முதலிற் கயிற்றோடு நடத்தல், நிற்கச் சொன்னால் நிற்றல். அதன்பின் நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு பழக்குபவன் பின்னே நடப்பான். ஆளைக் காணாமல் குரலுக்குக் கீழ்ப்படியக் குதிரை கற்கும். பின்னர் வெறும் வார்களை மட்டும் பூட்டி, அவை தொடையில் உராயும் உணர்வைப் பழக்கவேண்டும். அதன்பின் ஒரு சிறு மரக்கட்டையைக் கட்டி இழுக்கவிடுவர். பின்னால் தொடர்ந்துவரும் ஓசை ஆபத்தன்று என்பதைக் குதிரை அறிய நாட்கள் பல செல்லும். கடைசியிலேதான் ஏர்க்கால்களுக்கிடையே அதனை நிறுத்துவது. முதல் நாட்களில் ஒருவர் தலைப்பக்கத்தில் நிற்க, மற்றொருவர் வெறும் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரே ஒரு தடவை வண்டி மோதி வெருண்ட குதிரை மாதக்கணக்கில் வண்டியருகே வராது. ஏறத்தாழ மூன்று வயதுக்கு முன்னர் இதனைத் தொடங்கினால் கால்மூட்டுக் கெடும். அவசரக்காரனுக்கு இது ஏற்ற தொழிலன்று.

மலைநாடு இவற்றோடு மேலும் சில பாடங்களைச் சேர்த்தது. 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் பனிமூட்டம் சில நிமிடங்களிற் பாதையை மறைத்துவிடும். மழையில் செம்மண் வழுக்கும். லாடம் தேய்ந்தால் கால் நில்லாது. இரண்டு சக்கர வண்டியில் ஏற்றத்தின்போது பாரம் பின்னே சாய்ந்து ஏர்க்காலை மேலே தூக்கும். இறக்கத்தில் பாரம் முழுதும் குதிரையின் முதுகில் அமரும். எனவே ஏறும்போது இருப்பவர் முன்னே நகரவேண்டும். இறங்கும்போது பின்னே சாயவேண்டும். துரை சாயாவிட்டால், குதிரைக்காரன் இறங்கி ஓடி வண்டியின் பின்புறத்தைப் பிடித்துத் தன் உடலால் ஈடுசெய்வான். வண்டியின் சமநிலை அவனது கால்களில் இருந்தது.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாக வந்த திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம் மாவட்டங்கள் ஜட்கா வண்டியை நன்கறிந்தவை. ஒற்றை மட்டக்குதிரை பூட்டிய அவ்வண்டி தமிழ்நாட்டு நகரங்களில் 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் ஓடியது. குதிரையின் வாய், குளம்பு, வயிறு ஆகியவற்றைப் பார்த்து நோய் அறிபவர்கள் அங்கு இருந்தனர். கூலி என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டு வந்த மக்களிடையே தச்சரும் கொல்லரும் மேய்ப்பரும் குதிரையறிந்தோரும் இருந்தனர் என்பதைப் பெருந்தோட்ட ஆய்வுகள் போதியளவு கணக்கெடுக்கவில்லை. கொழுந்து பறிப்பதற்கும் கவ்வாத்து வெட்டுவதற்கும் மட்டும் கை உடையோராகத் தொழிலாளரைக் காண்பது துரையின் பார்வை. ஆய்வாளரும் அதனையே இரவல் வாங்கவேண்டியதில்லை.

ஆட்டையும் இங்கு எண்ணிப்பார்ப்பது பயனுடைத்து. சிறுவண்டி இழுக்க ஆட்டைப் பழக்குவது நகைப்புக்குரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிறைற்றன் கடற்கரையில் சிறுவர்கள் ஆட்டுவண்டியிற் சவாரி செய்தனர். விதையடித்த கிடாயே இதற்கு ஏற்றது. குட்டியாக இருக்கும்போதே கழுத்துக் கயிற்றோடு மனிதனின் பக்கத்தில் நடக்கப் பழக்கவேண்டும். ஒரு வயதளவில் வெறும் வாரை அணிவிக்கலாம். உண்மையான இழுவை எலும்பு முற்றிய பின்னரே, இரண்டு மூன்று வயதில். சமதரையில், நல்ல சக்கரமுள்ள வண்டியோடு, ஏறத்தாழத் தன் எடையளவு பாரத்தை ஆடு அயர்வின்றி இழுக்கும். குதிரையைப்போல் எளிதில் வெருளாது. ஆனால் அடித்தால் படுத்துவிடும். ஒரு பிடி தழைக்கும் பழகிய குரலுக்கும் பணியும். இவற்றுள் எதுவும் லயத்து மக்களுக்குத் தெரியாத கலையன்று. ஆடு வளர்ப்பு அவர்களோடு கடல்கடந்து வந்தது.

எனினும் லயத்து ஆடு வண்டி இழுக்கும் வழக்கம் மலையகத்தில் வேரூன்றவில்லை. காரணம் ஆட்டில் இல்லை. லயத்துக்குச் செல்லும் வழி படிக்கட்டு. அங்கு சக்கரத்துக்கு வேலையில்லை. மேய்ச்சல் நிலம் தொழிலாளிக்கு உரியதன்று. தேயிலைக்குள் ஆடு புகுந்தால் குற்றம். வளர்ப்பதற்கே தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. இழுவை விலங்கு பயன்படவேண்டுமாயின் பாதையும் நிலமும் கொண்டுசெல்லச் சொந்தச் சரக்கும் தேவை. இம்மூன்றும் இல்லாதவனுக்கு ஆடு ஒரு சேமிப்பு: கல்யாணத்துக்கும் சாவுக்கும் விற்கும் பொருள். அன்றேல் நேர்த்திக்கடன். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தில் உறைவதாக நம்பப்பட்ட ரோதை முனிக்குக் கோழியும் ஆடும் பலியிடுவது மலையக வழிபாட்டு மரபுகளுள் ஒன்று. ‘ரோதை’யும் ‘கரத்தை’யைப்போலப் போர்த்துக்கேயச் சொல்லே, சக்கரம் என்பது பொருள். லயத்து ஆடு சக்கரத்தோடு கொண்ட உறவு பலியாகவே அமைந்தது.

விலங்குக்கும் மனிதனுக்கும் சட்டம் வகுத்த இடங்களையும் ஒப்பிடலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழில் ஒப்பந்தம் பற்றியது. வேலைக்கு வராமை, கவனக்குறைவு, முன்னறிவித்தலின்றி நீங்குதல் ஆகியவை அதன்கீழ்ச் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். கடனும் ‘துண்டு’ முறையும் இதனோடு சேர்ந்து தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தன. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுப்பது. அளவுமீறிப் பாரமேற்றுவதும் அளவுமீறி ஓட்டுவதும் அதிற் குற்றமாயின. அச்சட்டம் வேண்டியதே, அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் 1907இல் மாட்டுக்கு ஏற்றக்கூடிய சுமைக்கு எல்லை உண்டென்று ஏற்ற அரசு, தோட்டத் தொழிலாளியின் கூலிக்குக் கீழெல்லை வகுக்க 1927 வரை காத்திருந்தது. வண்டிச் சட்டத்திலும் ஒரு முரண் உள்ளது. சாட்டை வண்டிக்காரனின் கையிலிருந்தது. எத்தனை மூட்டை ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தவன் களஞ்சியத்தில் இருந்தான்.

மற்றுமோர் ஒப்பீட்டையும் தவிர்க்க முடியவில்லை. குதிரைகள் கட்டுமிடம் லாயம். தொழிலாளர் வாழுமிடம் லயம். பின்னது ஆங்கிலத்தின் ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது. இரண்டுக்கும் சொற்பிறப்பில் உறவில்லை, ஓசையொற்றுமை தற்செயலானது. அளவொற்றுமை அவ்வாறு கூறத்தக்கதன்று. லயத்து அறையின் பொதுவான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று ஆய்வாளர் பலரும் குறித்துள்ளனர். பிரித்தானியக் குதிரைச் சங்கம் ஒரு பெரிய மட்டக்குதிரையைத் தனியே அடைத்துவைக்கப் பரிந்துரைக்கும் கொட்டிலின் அளவும் அதுவே: பத்தடிக்குப் பன்னிரண்டடி. கொட்டிலில் ஒரு குதிரை. அறையில் ஒரு குடும்பம், அடுப்போடும் ஆட்டுக்குட்டியோடும்.

மட்டக்குதிரை வண்டியின் காலம் நீடிக்கவில்லை. புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. கரத்தையின் நெடும்பயணம் சுருங்கித் தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓட்டமாயிற்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1903–04இல் ஒடுங்கிய பாதையும் போடப்பட்டது; அது 1940களில் மூடப்பட்டது. சில தோட்டங்களில் கொழுந்து மூட்டைகள் கம்பி வழியே பள்ளத்தாக்கைக் கடந்தன. முதலாம் உலகப் போரை அடுத்து மோட்டார் வண்டி துரையின் பங்களாவுக்கு ஏறியது. குதிரைக்காரன் தோட்டக்காரனாகவோ மலைவேலைக்குரியவனாகவோ பிரட்டுக்கு நின்றிருப்பான். இவ்விடைக்காலத்தின் ஒரு காட்சியைக் கூறாமல் விடமுடியாது. 1880களில் இலங்கைக்கு வந்த ரிக்‌ஷா நுவரெலியாவிலும் ஓடியது. ஏற்றத்தில் ஒருவனால் இழுக்க முடியாதபோது இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளினான். ஏர்க்கால்களுக்கிடையே மனிதன் நின்றான்; அவனைப் பழக்குவதற்கு மரக்கட்டையும் நீண்ட வாரும் தேவைப்படவில்லை, பசி போதுமாயிருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. சுமையின் கதை அவற்றால் முடியவில்லை. கொழுந்து நிறைந்த கூடையையும் சாக்கையும் நிறுவைக் களத்துக்குக் கொண்டுசெல்வது பெண் தொழிலாளியின் தலையும் முதுகுமே. அதன்பின்னரே லொறி.

நுவரெலியாவிற் குதிரைகள் அற்றுப்போகவில்லை. 1875இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல் சித்திரை மாதத்தில் கொழும்பின் செல்வரை இன்றும் ஈர்க்கின்றது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873இல் அமைந்த வாவியின் கரையில் சுற்றுலாப் பயணிகளின் பிள்ளைகளுக்காக மட்டக்குதிரைகள் நிற்கின்றன. பிள்ளை மேலே அமர்ந்திருக்கும். வாரைப் பிடித்தவன், குதிரை வெருளாதிருக்க அதன் தலையோரமாக, அதன் நடைக்கு ஏற்பத் தானும் நடந்துகொண்டிருப்பான்.